உன் பேச்சை மீறித் தைத்த போர்வை

எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகும் "தடிப்பயலே" என்றே கூப்பிட்ட என் அன்பு அக்காவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ கோபப்பட்டுப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் பாதியில் நிறுத்தாதே, முழுவதும் படித்துவிட்டு ஏசு. நான் எங்கும் ஓடிவிடவில்லை. அதே பத்து பாகாட் ஊரில், டயர் கடைக்குப் பக்கத்துக் கதவில், அதே குஷன் கடையில்தான் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறேன்.

சேதி இதுதான். உன் மகள் புவனா முழுகாமல் இருக்கிறாள். ஒன்பதாவது மாதம் நடக்கிறது.

இந்தச் சேதியை உன்னிடம் நேரில் சொல்ல முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீ இருந்திருந்தால் முதலில் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதிருப்பாய். அடுத்த நிமிஷமே திரும்பி எங்கள் எல்லோருக்கும் உத்தரவு போட ஆரம்பித்திருப்பாய். அந்த உத்தரவில் முதலாவது என்னவாக இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். அதைத்தான் நான் மீறியிருக்கிறேன்.

நம் வீட்டில் உன் சட்டம் ஒன்று உண்டு. பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்கும்வரை அதற்கென்று ஒரு கைக்குட்டைகூட வாசற்படி தாண்டக் கூடாது. "புள்ள பொறக்கும் முன்னே பேர் வைக்காதே" என்பாய். கண் படும் என்பாய். புவனா முதல்முறை உண்டாகியிருந்தபோது உன் மருமகன் தினேஷ் ஆசையாக ஒரு தொட்டில் வாங்கிவந்தான். நீ அதைப் பிரிக்கக்கூட விடாமல் கடைக்கே திருப்பி அனுப்பினாய். "பொறந்த அப்புறம் கடைக்குப் போக எவ்ளோ நேரம் ஆவும்? இங்க என்ன கடையா இல்ல?" என்று கேட்டாய். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. உன்னிடம் பேசிவிட முடியுமா?

பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எட்டாவது மாதத்தில் ஒரு நாள் பிள்ளை அசையவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது உள்ளே நெஞ்சுத் துடிப்பு நின்றுபோயிருந்தது. யார் மேலும் தப்பில்லை, சில நேரம் இப்படி ஆகிவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். ஆண் பிள்ளை. மூக்கு அப்படியே உன் மூக்கு.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ புவனாவின் தலைமாட்டில் இருந்தாய். கொண்டுபோய் அடக்கம் செய்கிற வேலை எங்களுடையது. பிள்ளையை நான்தான் வாங்கினேன். ஆஸ்பத்திரித் துணி ஒன்றில் சுற்றிக் கொடுத்தார்கள். ஓரத்தில் முத்திரை குத்திய துணி, துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. கொடுத்த நர்ஸம்மா தயங்கித் தயங்கி, "வீட்டுலேர்ந்து துணி ஏதும் கொண்டு வந்தீங்களா ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அக்கா, வாழ்நாள் முழுக்கத் துணியும் தோலும் தைத்துச் சோறு தின்றவன் நான். இந்த ஊரில் ஓடுகிற பாதி லோரிகளின் சீட்டு என் கை பட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளையைச் சுற்றுவதற்கு எங்களிடம் ஒரு முழத் துணி இல்லை. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வருஷமே இனிப்பு நீர் வியாதி உன்னையும் கொண்டுபோய்விட்டது.

இப்போது உன் சட்டத்தை உன்னைவிடக் கடுமையாகக் காப்பவள் உன் மகள்தான். வளைகாப்பு வேண்டாம் என்றுவிட்டாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வா, தாய்வீடு இல்லாவிட்டால் என்ன, தாய்மாமன் வீடு இருக்கிறது என்று கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றாள். கெலாங் பாத்தாவில் அவள் வீட்டில் பிள்ளை என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. எப்போது பிரசவம் என்று கேட்ட பக்கத்து வீட்டம்மாவிடம், "தெரியல ஆண்டி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாளாம். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் உட்கார்ந்தால் கை தானாக வயிற்றுக்குப் போகும் இல்லையா? நான் பார்க்கப் போன அன்று இவள் இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே பிள்ளை நன்றாக இருக்கிறது, எல்லாப் பரிசோதனையும் நல்லபடியாக வந்திருக்கிறது. இவளோ உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இப்போதே துக்கம் காத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு மனசு பொருமியது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் பெண்டாட்டி சரஸிடம் சொன்னேன், "நான் புள்ளைக்கு ஒரு செலிமுட் தைக்கப் போறேன். யார் என்ன சொன்னாலும் சரி." போர்வைக்கு இங்கே நாம் சொல்கிற மலாய்ப் பேர்தான் எனக்கு முதலில் வாயில் வந்தது.

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வைதான் தைக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். சீட்டு மாற்ற வந்த ஒரு டீச்சரின் காரில் அப்படி ஒரு குழந்தைப் போர்வை கிடந்தது. சதுரம் சதுரமாக நிறம் நிறமாக இருந்தது. வேலையை விட்டுவிட்டு அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணி சேலை ஒண்ணு இருக்கே, அதுல ரெண்டு துண்டு வெட்டிப் போடலாமே" என்றாள் சரஸ். கேட்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் சேலையில் கத்தரி வைத்தால் நீ சும்மா இருப்பாயா? சேலை முழுசாகப் புவனாவிடம் இருக்கட்டும், உடுத்திக்கொள்ளட்டும். துண்டுத் துணிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. துணி ஃபேக்டரிகளில் வெட்டி மிஞ்சியதை மூட்டை கட்டி விற்கிற சீனர் கடைக்குப் போய், நல்ல பருத்தியாகப் பொறுக்கி எடுத்துவந்தேன்.

தைக்கத் தெரியாதா எனக்கு என்ற திமிர்தான் முதலில் கவிழ்த்தது. எனக்குத் தெரிந்த தையல் ஒன்றுதான். தடித்த நைலான் நூல் போட்டேன். இரட்டைத் தையல் அடித்தேன். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்தேன். ஓரத்துக்குப் பைப்பிங் கொடுத்து இழுத்துக் கட்டினேன். முடித்துவிட்டு மேசை மேல் நிறுத்திவைத்தால் அது தானாக நின்றது! லோரி சீட்டுக்கு அளவு கொடுக்க வந்த மலாய்க்காரர் அதைத் தட்டிப் பார்த்து, "இது எந்த லோரிக்கு, அண்ணே?" என்று மலாயில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இருபது வருஷம் தாங்கும் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

சரஸ் வந்து பார்த்தாள். "அலமாக்! என்னங்க இது, புள்ளைக்கு செலிமுட்டா, மோட்டாருக்கு சீட்டா? இதைப் போத்துனா புள்ள மூச்சு முட்டிச் செ..." என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை.

அந்தப் போர்வையைப் பிரித்துப் போட்டேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். என் மெஷின் தோலைக் கடித்துப் பழகியது, மெல்லிய பருத்தியைக் கொடுத்தால் மென்று துப்பிவிடுகிறது. அதனால் சரஸின் சின்ன மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெல்லிய ஊசி, மெல்லிய நூல். நம் வெயிலுக்கு ஸ்பாஞ்சும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம், உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணி போதும் என்று முடிவெடுத்தேன். என் விரல்தான் உனக்குத் தெரியுமே, வாழைத்தார்க் காம்பு மாதிரி. அந்த விரலை வைத்துக்கொண்டு உள்ளங்கை அகலத் துண்டுகளை ஓரம் பிசகாமல் ஓட்ட நான் பட்ட பாடு பெரும்பாடு. ஆனாலும் விடவில்லை.

உன் சட்டத்தையும் நான் மறந்துவிடவில்லை. மீறத்தான் போகிறேன், ஆனால் எவ்வளவு தூரம் மீறுவது என்று யோசித்தேன். துண்டுகளை நீள நீளப் பட்டைகளாக மட்டும் தைத்து வைப்பது, பட்டையோடு பட்டையைச் சேர்க்காமல் விடுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். சேர்க்காதவரை அது போர்வை இல்லை, வெறும் துணி. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் ஒரே மூச்சில் சேர்த்துவிடலாம். சட்டத்துக்கும் பங்கமில்லை, பிள்ளைக்கும் துணி இருக்கும். நீ இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா? தெரியவில்லை. "தடிப்பயலே, யார்கிட்ட வந்து வக்கீல் வேலை பாக்குற?" என்றுதான் கேட்டிருப்பாய்.

சரஸின் வாயில் எதுவும் நிற்காது என்பதும் உனக்குத் தெரியும். போனில் பேசும்போது எப்படியோ உளறிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே தினேஷை ஓட்டச் சொல்லிப் புவனா வந்து கடை வாசலில் இறங்கினாள். அவ்வளவு பெரிய வயிற்றோடு அவள் நடந்து வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. கோபத்தில் அவள் முகம் உன் முகம்தான்.

"யாரு மாமா உங்களைச் செய்யச் சொன்னா?"

"ஒக்காரும்மா முதல்ல."

"ஒக்கார வரல நான். அம்மா என்ன சொன்னாங்கன்னு மறந்துட்டீங்களா? தெரிஞ்சே செய்றீங்களா? எனக்கு ஏதாச்சும் ஆனா என்ன பண்ணுவீங்க?"

"எங்க செலிமுட்? நீயே தேடிப் பாரு. துண்டுத் துணிதான் இருக்கு. சேக்கவே இல்லம்மா."

பட்டைகளை எடுத்து மேசை மேல் வைத்தேன். தினேஷ் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், வாரம் முழுக்க விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் வருகிறவன், ஞாயிறும் அவனுக்கு நிம்மதியில்லை. புவனா துணியைத் தொடவில்லை. ஆனால் பார்த்தாள். ஒவ்வொரு பட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு துண்டில் நின்றுவிட்டாள்.

"இந்தப் பச்சை வேணாம் மாமா."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"ஆஸ்பத்திரித் துணி இந்தக் கலர்தான்."

அந்தத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவன் நான். அதன் முத்திரை ஞாபகம் இருந்தது, வெளுப்பு ஞாபகம் இருந்தது. அது பச்சை என்பது எனக்கு ஞாபகமே இல்லை. மூட்டையில் பொறுக்கும்போது என் கை தானாக அந்த நிறத்துக்குத்தான் போயிருக்கிறது, ஒன்றிரண்டல்ல, பட்டைக்குப் பட்டை வைத்துத் தைத்திருக்கிறேன். அவள் முன்னாலேயே பிரிப்பூசியை எடுத்தேன். ஒவ்வொரு பச்சையாகப் பிரித்து எடுத்தேன். நடுவில் அவள் உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போது மட்டும், "சேக்காதீங்க மாமா, சரியா?" என்றாள். சத்தியம் என்றேன்.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வேண்டவே வேண்டாம் என்று வந்தவள் இது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்படியென்றால் மற்றது வேண்டும் என்றுதானே அர்த்தம்? சரஸிடம் சொன்னேன். அவள், "வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்றாள். யார் யாருக்குச் சொல்வது பார்!

சும்மா இருந்தேன். கொஞ்ச நாள் கழித்துப் புவனாவிடமிருந்து போனில் ஒரு மெசேஜ் வந்தது. "மாமா, மஞ்சள் இருக்கா?" அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. பச்சை இருந்த இடங்களில் மஞ்சள் வைத்தேன். அப்புறம், "கட்டம் போட்டது ரொம்ப வேணாம்" என்று ஒன்று. "பூ சின்னதா இருந்தா ஓகே" என்று ஒன்று. எதற்கும் நான் பதில் எழுதவில்லை. கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினேன். பேசினால் பயந்து ஓடிவிடும் பூனைக்குட்டியைப் பார்ப்பதுபோல் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மெசேஜ் வரவில்லை, போனே வந்தது. "மாமா, மெஷினைத் தூக்கிக்கிட்டு இங்க வாங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். என்ன ஏது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, சரஸையும் மெஷினையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். பட்டைகளை வாங்கி அவளே ஒவ்வொன்றாகப் பரப்பினாள். இரண்டை இடம் மாற்றினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சேத்துடுங்க மாமா" என்றாள்.

"பொறக்கட்டும்மா. சத்தியம் பண்ணியிருக்கேன்ல?"

"நான்தானே பண்ணச் சொன்னேன். இப்ப நான்தான் சேக்கச் சொல்றேன்."

சரஸ் என் தோளைத் தொட்டாள், வேண்டாம் என்பதுபோல். புவனா அதைப் பார்த்துவிட்டாள்.

"அத்தை, போன தடவை அம்மா சொன்னபடியே ஒண்ணும் வாங்கல நாங்க. ஒரு தொப்பி வாங்கல, ஒரு சாக்ஸ் வாங்கல. அப்பவும் போயிடுச்சுல்ல? வாங்காம இருந்ததால மட்டும் புள்ள தங்கிடுச்சா? வெறும் ஒடம்போடதான் போச்சு." அவள் குரல் உடையவில்லை அக்கா. உன்னைப்போலவே சத்தமாக, தெளிவாகப் பேசினாள். "அது உள்ள இருந்த நாள்ல, நாங்க அதுக்காகக் காத்திருந்தோம்னு காட்ட ஒண்ணுமே இல்ல. இது அப்படி இருக்கக் கூடாது. இது வந்தா போத்திக்கட்டும். வரலைன்னா..."

தினேஷ், "புவனா, விடு" என்றான்.

"விட மாட்டேன். வரலைன்னாலும் இதுலதான் சுத்துவேன். என் புள்ள இன்னொரு தடவை ஆஸ்பத்திரித் துணியில போகாது. தைங்க மாமா."

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். அழுகை வந்தது, அதைவிட அதிகமாகப் பெருமை வந்தது. பயம் போன பிறகு பேசுவது யாராலும் முடியும். பயம் முழுசாக உள்ளே இருக்கும்போதே இவள் பேசினாள். நான் ஊசியில் நூல் கோத்தேன்.

அவள் பட்டையைப் பிடித்துக் கொடுத்தாள், நான் ஓட்டினேன். சரஸ் தைத்ததை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். தினேஷ் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு வந்து தொங்கிய முனையைத் தரையில் படாமல் ஏந்திக்கொண்டான். பாதி வேலையில் புவனா திடீரென்று, "மெஷின் சத்தத்துக்கு உதைக்குது மாமா" என்றாள். கை வயிற்றுக்குப் போயிருந்தது. போன கை திரும்பி வரவில்லை. மிச்சப் பட்டைகளை ஒற்றைக் கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் கோபித்துக்கொள்ளவும் எனக்கு மனசில்லை அக்கா. நீ அந்தச் சட்டத்தைச் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. புவனாவுக்கு முன்னால் உனக்கும் ஒன்று தங்காமல் போனது. அப்போது நான் சின்னவன், ஒன்றும் விளங்கவில்லை. அதற்கு ஒரு பேராவது வைத்திருந்தாயா? மனசுக்குள்ளாவது? உன்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நீ பயந்து பயந்தே புவனாவைப் பெற்றெடுத்தாய், பயத்தையும் சேர்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டாய். அவள் அதை வாங்கிக்கொண்டாள், இப்போது இறக்கி வைத்துவிட்டாள். அவள் பிள்ளைக்கு அதைக் கொடுக்கப் போவதில்லை.

இப்போது கெலாங் பாத்தாவில் உன் மகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாளைக் காலையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி கட்டியாகிவிட்டது. போர்வையைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தவள் அவள்தான். நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. தையலில் ஒரு மூலை கொஞ்சம் கோணல், அதை நீ கண்டுபிடித்துவிடுவாய். கண்டுபிடித்துச் சொல்லேன், எந்த ரூபத்திலாவது வந்து சொல்லேன்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் உன்னிடம் உறுதியாகச் சொல்கிறேன். பேரப்பிள்ளை வந்ததும் இந்தப் போர்வையை மடித்து அலமாரியில் வைத்துப் பத்திரம் பண்ண நான் யாரையும் விடமாட்டேன். மூத்திரம் படட்டும், பால் கக்கட்டும், தரையெல்லாம் இழுத்துக்கொண்டு நடக்கட்டும், கடித்து நூலைப் பிய்க்கட்டும். கிழியக் கிழிய நான் தைத்துக் கொடுப்பேன் அக்கா. தைக்க முடியாத அளவுக்கு அந்தப் பிள்ளை அதைக் கிழித்துப் போட வேண்டும், அதை நான் இருந்து பார்ப்பேன்.

உன் பேச்சை மீறிய உன் தம்பி,
உன் மகளின் தாய்மாமன்,
மணியம்